வாளும் தூரிகையும்

வாளேந்தி நாடாண்டோரின் பெயரை வரலாறு மறப்பதில்லை. அவர்தம் மாளிகைச் சுவர்களுக்கு உயிரூட்டிய ஓவியரின் பெயரை மட்டும் பல வேளைகளில் மறந்துவிடுகிறது.

யப்பானிய ஓவியர் சிலர் இவ்வகையில் பேறு பெற்றவர்கள். 15ஆம் நூற்றாண்டில் அந்நாட்டை ஷோகுன் எனப்படும் படைத்தலைவர்கள் ஆண்டனர். அவர்களுள் ஒருவரான யொஷிமசாவின் காலத்தில், 1467இல் மூண்டு பத்தாண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போரிலே கியோட்டோ நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது. போரைத் தடுக்க வலியற்ற அவ்வாட்சியாளர் கலையைப் போற்றத் தவறவில்லை. அவர் ஆதரித்த கானோ மசனொபு என்னும் ஓவியரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

நமது இலங்கையிலோ கதை வேறு. காலவாவியைக் கட்டிய தாதுசேன மன்னனைக் கொன்று, அவன் மகன் காசியப்பன் 477இல் அரசைக் கவர்ந்தான். இந்தியாவுக்குத் தப்பியோடிய தம்பி முகலன் படையுடன் திரும்புவான் என்று அஞ்சிச் சீகிரியாக் குன்றை அரணாக்கினான். 495இல் முகலன் வந்தான், காசியப்பன் மாண்டான். அவன் பெரிதென நம்பிய அரண் அவனைக் காக்கவில்லை. ஆனால் குன்றின் பக்கத்தே தீட்டுவித்த நங்கையர் ஓவியங்கள் அவன் பெயரைக் காத்துவருகின்றன. அவற்றைத் தீட்டியவர் எவர்? அறிவார் இல்லை. பிற்காலத்தில் அவ்வோவியங்களைக் கண்டு வியந்தோர் பலர், கண்ணாடிச் சுவரிலே பாட்டெழுதித் தம் பெயரையும் பொறித்துச் சென்றனர். அப்பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான 1956இல் வெளியிட்டார். பார்த்தவர் பெயர் இருக்கிறது; படைத்தவர் பெயர் இல்லை!

1889இல் மறே என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் இவ்வோவியங்களைப் படியெடுக்க முனைந்தபோது, பேய்க்கு அஞ்சி உள்ளூர்க் கல்வேலையாளர் மறுத்தனர். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் கல்வேலையாளரே செங்குத்தான பாறையில் துளையிட்டு, இரும்புக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி வழி சமைத்தனர். மறேயின் பெயர் நூல்களில் உண்டு. உயிரைப் பணயம் வைத்து முதலில் ஏறிய அத்தமிழரின் பெயர்களைக் கண்டோமில்லை.

1967இல் தீயோர் சிலர் இவ்வோவியங்கள்மீது வர்ணம் பூசிச் சிதைத்தனர். இத்தாலிய நிபுணர் மரன்சியும் நம் நாட்டறிஞரும் பெரிதும் பாடுபட்டு அவற்றை மீட்டனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டு மழையும் வெயிலும் விட்டுவைத்ததை மனிதன் ஓரிரவில் அழிக்கத் துணிந்தான் என்பதை மாணவர் மனத்திற் கொள்ளவேண்டும்.

சீகிரியா செல்ல வாய்ப்பில்லாதோரும் வருந்த வேண்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி. ஏ. எல். பெரேரா என்னும் நம் நாட்டு ஓவியர் கயிற்றில் தொங்கும் ஆபத்தையும் பொருட்படுத்தாது எடுத்த படிகள் கொழும்பு நூதனசாலைக்கென ஆக்கப்பட்டவை. கொள்ளுப்பிட்டியில் வாழ்வோர் அந்நூதனசாலைக்கு நடந்தே சென்றுவிடலாம். பெற்றோர் தம் பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று வருவாராக. அங்கே மன்னன் கதையைச் சொல்லும்போது, பெயரறியா ஓவியனையும் பாறையேறிய தொழிலாளியையும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மறவாதிருப்போமாக. அவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவேயன்றோ!