மூவர் ஆடினர், ஒருவர் நிலைத்தார்

நாற்பதுகளின் இறுதியில் தமிழ்ப் படத்தை விற்க எளிய வழி ஒன்று இருந்தது: லலிதா-பத்மினி நடனம். கதைக்குச் சம்பந்தம் வேண்டியதில்லை. ஒரு அரசவை போதும். அது இல்லாவிட்டால் நாடக மேடை, அதுவும் இல்லாவிட்டால் கனவு. திருவனந்தபுரத்துச் சகோதரிகள் ஆடிவிட்டுப் போவார்கள். கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். இளையவர் ராகினியும் சேர, 'திருவாங்கூர் சகோதரிகள்' என்ற பெயர் மூவருக்குமானது.

அமெரிக்காவிலும் இதற்கு இணை உண்டு. ஆனனியாஸ், ஜேம்ஸ், வாரன் என்ற பெர்ரி சகோதரர்கள் மூவரும் கைத்தடி சுழற்றி ஆடுவதில் கில்லாடிகள். 'லேடி பி குட்' (1941) படத்திலும் ஆடினார்கள். ஆனால் கறுப்பினத்தவரான அவர்களுக்கு ஹாலிவுட் ஒதுக்கியது சில நிமிட நடனத்தை மட்டுமே. கதைக்குள் இடமில்லை.

சகோதரிகளுக்குச் சென்னை கதவைத் திறந்தது. ஆனால் ஆளுக்கொரு கதவு. 'மணமகள்' (1951) பத்மினியைக் கதாநாயகியாக்கியது. 'தேவதாஸ்' (1953) லலிதாவைச் சந்திரமுகியாக்கியது. 'தூக்கு தூக்கி'யில் (1954) மூவரும் இருந்தார்கள். லலிதாவுக்குக் கிடைத்ததோ துரோகம் செய்யும் மனைவி வேடம். ராகினியைத் தமிழ் சினிமா பெரும்பாலும் நகைச்சுவைப் பக்கம் ஒதுக்கியது. அதே ராகினியை 'உண்ணியார்ச்சா'வில் (1961) வாளேந்தும் வீராங்கனையாக்க மலையாள சினிமா தயங்கவில்லை. குறை திறமையில் இல்லை, பார்த்த கண்ணில்.

சினிமாவுக்குத் தேவை ஒரு நாயகி. குழு நடனத்துக்கோ தோளோடு தோள் சேரும் தாளம். முதல் தேவை வென்றதும் இரண்டாவது தளர்ந்தது. சேர்ந்து ஆடியே பெயர் பெற்ற பத்மினியின் புகழ்பெற்ற நடனங்களில் ஒன்று, 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் (1958) வைஜயந்திமாலாவுக்கு எதிரான போட்டி நடனம் என்பது வேடிக்கையான முரண். பத்து ஆண்டுகள் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. அதன்பின் பத்மினி என்றாலே மோகனாதான்.

ராகினி 1976இல் மறைந்தார். மறு ஆண்டு, அமெரிக்காவில் குடியேறியிருந்த பத்மினி நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி தொடங்கினார். லலிதா 1982இலும் பத்மினி 2006இலும் காலமானார்கள். சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதய் சங்கர் எடுத்த 'கல்பனா' (1948) மூத்த இருவரின் முதல் படம். புதுப்பிக்கப்பட்ட அதன் பிரதி 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அப்போது மூவரில் ஒருவரும் உயிரோடு இல்லை. திரையில் மட்டும், நாயகி யார் என்று எவரும் தீர்மானிக்காத நாட்களின் லலிதாவும் பத்மினியும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.