கோடையில் ஒன்றாவது விற்பனைக்கு இல்லாமல் இருக்கட்டும்

சம்பா அறுத்தாயிற்று. உளுந்தும் எடுத்தாயிற்று. கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்று வாங்குகிறது. ஆடிப்பட்டத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பனிக்காலம் எப்படியோ, ஏரியையும் கிணற்றையும் நம்பியிருக்கும் நமக்குக் கோடை அப்படி. அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து அடுத்த பருவத்து விதைப் பட்டியலைப் புரட்டுவார்கள், கம்பளி பின்னுவார்கள், மரம் செதுக்குவார்கள். நாம் என்ன செய்கிறோம்?

நம் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்தால் ‘மதிப்புக்கூட்டல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சும்மா இருக்காதீங்க, ஊறுகாய் போடுங்க, சோப்பு பண்ணுங்க, பொட்டலம் கட்டி வித்துடுங்க. அது தேவைதான், எங்கள் வீட்டிலும் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு உழவருக்கும் கோடையில் விற்பனைக்கு இல்லாத ஒரு பொழுதுபோக்கு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வட்டிக்கணக்குப் பார்த்தவன் இப்படிச் சொல்வது வேடிக்கையாகத் தெரியலாம். அந்தக் கணக்கைப் பார்த்ததால்தான் சொல்கிறேன்.

கிராமக் கிளைகளில் வேலை பார்த்தபோது சித்திரை, வைகாசியில் நகையோடு வந்து நிற்கிறவர்களிடம் என்ன செலவு என்று கேட்பேன். கல்யாணம், பள்ளிக்கூடக் கட்டணம் போக அடிக்கடி வரும் பதில் ஒன்று உண்டு: “பக்கத்துக் கொல்லையில அறுநூறு அடியில தண்ணி வந்துடுச்சாம் சார், நானும் போர் போடலாம்னு.” தண்ணீர் வந்ததா இல்லையா என்பது ஆறு மாதம் கழித்து நகை மீட்க வரும்போது தெரியும். பலர் மீட்க வரவே மாட்டார்கள். உழுகிற காலத்தில் யாருக்கும் இப்படித் தோன்றுவதில்லை. கோடையில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு, மரத்தடியில் நாலு பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் போர் போடலாம், மாட்டை வித்துடலாம், ரோட்டோரக் காணியைக் கொடுத்துடலாம் என்றெல்லாம் தோன்றும். மனைத் தரகர்களும் ஊருக்குள் அப்போதுதான் வருகிறார்கள். சீட்டுக்கட்டும் மதுக்கடையும் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

பட்டணத்து வேலையை விட்டு இயற்கை விவசாயத்துக்கு வருகிற இளைஞர்களிடமும் இதைப் பார்க்கிறேன். முதல் கோடையைப் பயிற்சி வகுப்புகளில் ஓட்டிவிடுகிறார்கள். இரண்டாவது கோடையில் கைபேசியில் மற்றவர் பண்ணைகளைப் பார்த்து ஏங்குகிறார்கள். மூன்றாவது கோடையில் பழைய அலுவலகத்துக்குப் போன் போகிறது. விளைச்சல் குறைந்து போனவர்களைவிட, விளையாத மாதங்களில் என்ன செய்வது என்று தெரியாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

“கோடையில் வேலை இல்லைன்னு யார் சொன்னது?” என்று கேட்பீர்கள். நியாயம். கோடை உழவு இருக்கிறது, வரப்பு வெட்டணும், வேலி கட்டணும், ஏரி வண்டல் அடிக்கணும், விதையைக் காயவைத்து வேப்பிலை போட்டு வைக்கணும். எல்லாம் காலை பத்து, பதினொரு மணிக்குள். அதன் பிறகு வெயில் நம்மை விரட்டிவிடும். மாலை நாலு மணிவரை திண்ணைதான். நான் பேசுவது அந்த ஐந்து மணி நேரத்தையும், அதற்கடுத்த இரவையும் பற்றி.

நம் முன்னோர் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனியிலிருந்து ஆடிவரை பாரதம் வைக்கிறார்கள். மதியம் பிரசங்கம், இரவு விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு நாளும் நடந்து, கடைசி நாள் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின் முன் படுகளம், மாலையில் தீமிதி. நாற்று நடும் காலத்தில் இதை வைத்தால் யார் வருவார்கள்? களம் ஒழிந்த காலம் என்பதால்தான் பத்து நாள், இருபது நாள் ஓர் ஊரே உட்கார்ந்து கதை கேட்க முடிந்தது.

தெற்கே போனால் சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கண்மாய் வற்றுகிற கோடையில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை, பரி என்று கையில் இருப்பதோடு சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் இறங்கிவிடும். பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதுதான் என்ற வழக்கம் பல ஊர்களில் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விரால் என்ன விலை விற்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் விற்காமல் இருக்கிறார்கள். விலை வைத்தால் அது வேலை ஆகிவிடும், திருவிழா போய்விடும்.

நம்மில் பலர் படித்த ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யில் ஃபுகோகா ஒரு விஷயம் சொல்கிறார். அவர் ஊர்ச் சிறுகோயிலைச் சுத்தம் செய்தபோது சுவரில் பழைய பலகைகள் இருந்தன. அந்த ஊர்க்காரர்களே எழுதிய ஹைக்கூ கவிதைகள். வறுமையிலும் கவிதை எழுத அவர்களுக்கு ஓய்வு இருந்தது, இன்றைய உழவர்களுக்கு அது இல்லை என்று வருந்துகிறார். அவருடைய உழாத வேளாண்மையையும் விதை உருண்டையையும் நாம் எடுத்துக்கொண்டோம். இந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிட்டோம்.

எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: “உங்களுக்குப் பென்ஷன் வருது சார், நீங்க குருவி பார்ப்பீங்க. எங்களுக்குக் கடன் இருக்கே!” இதைத் தட்டிவிட முடியாது. கடன் இருக்கிறவருக்குக் குருவி பார்த்தால் வட்டி குறையாது. ஆனால் கூத்துக் கட்டுகிறவர்களில் பலர் உழவும் கூலி வேலையும் செய்கிறவர்கள்தான். யாருக்கும் பென்ஷன் கிடையாது. ஓய்வு பணக்காரர்களுக்கு மட்டும் உரியது என்பதை நமக்கு யாரோ பிற்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடன் இருக்கும்போது தலை தெளிவாக இருக்கவேண்டியது இன்னும் அவசியம். கை ஒன்றில் ஈடுபட்டிருந்தால், அவசர முடிவு ஒரு வாரம் தள்ளிப்போகும். ஒரு வாரம் தள்ளிப்போன பல கடன்கள் வாங்கப்படாமலே போனதை நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கோடை ஓய்வு யாருக்கு? ஆண்களுக்கு. வீட்டில் வடகம், வத்தல், ஊறுகாய், புளி கொட்டை எடுப்பது எல்லாம் கோடையில்தான். மாடும் அடுப்பும் விடுமுறை விடுவதில்லை. புளி எடுக்கும்போது கிடைக்கிற கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடிய பெண்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். பலகை இன்னும் பரணில் கிடக்கும், ஆட நேரம்தான் இல்லை. மதியம் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதையும் மாலைத் தேநீரையும் நாம் எடுத்துக்கொண்டால் அந்தப் பலகை கீழே இறங்கும்.

என்ன பொழுதுபோக்கு என்பது அவரவர் விருப்பம். பனை உள்ள ஊரில் குருத்தோலையில் கொட்டான் பின்னக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே வருகின்றன. கயிற்றுக்கட்டில் பின்னலாம். தரையில் கோடு போட்டு மூன்று புலி, பதினைந்து ஆடு வைத்து பேரனிடம் தோற்கலாம். விதை சேர்க்கிறவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடந்துவரும் நெல் திருவிழா போன்றவற்றுக்குப் போய் இரண்டு கிலோ நெல்லும் இருபது நண்பர்களும் சேர்த்துக்கொண்டு வரலாம்.

எனக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. வேம்பு எந்தத் தேதியில் பூத்தது, புங்கன் எப்போது துளிர்த்தது, குயில் எப்போது கத்தத் தொடங்கியது என்று எழுதுகிறேன். மாந்தோப்பில் பனிக்காலம் முழுவதும் தங்கி, அந்திநேரத்தில் விசிலடிக்கும் ஆறுமணிக்குருவி சித்திரைவாக்கில் வடக்கே கிளம்பிவிடும். கடைசியாகக் கேட்ட நாளைக் குறித்துவைப்பேன். இதனால் மகசூல் கூடியதா என்று கேட்காதீர்கள். வெறும் தரை என்று நினைத்த நிலத்தில் கோடையிலும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. அதனால் ஒரு கோடைகூட நிலத்தை விட்டுப் போகத் தோன்றவில்லை.

பிள்ளைகள் விவசாயத்துக்கு வரவில்லையே என்று எல்லாக் கூட்டங்களிலும் வருத்தப்படுகிறோம். அவர்கள் வீட்டுக்கு வருவது கோடை விடுமுறையில். அப்போது அவர்கள் பார்ப்பது கடன் பேச்சும் வெயில் புலம்பலுமாக இருந்தால், யார் வருவார்கள்? அப்பா கட்டில் பின்னுவதையும் அம்மா பல்லாங்குழியில் ஜெயிப்பதையும் ஊர் கூத்துப் பார்ப்பதையும் அவர்கள் பார்க்கட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் தன் பொழுதுபோக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவது என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை ஒன்றுதான்: அதன் விலை என்ன என்று யாரும் கேட்கக் கூடாது.