ஹாரிச்சில் கட்டிய கப்பல்

கோடை முடிந்தால் லண்டனில் எம்மவர் வீடுகளில் கப்பற்கதைதான். ஐயோனாவில் நோர்வே போனார்களாம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஆட்டமும் பாட்டும். கப்பலிலேயே ‘சிந்து’ என்று இந்திய உணவகம், உறைப்புத்தான் காணாதாம். உழைத்த காசு, சாப்பிடட்டும், ஆடட்டும். அதில் எனக்கு வழக்கில்லை.

ஆனால் அதே விருந்துமேசையில், 2023இல் போர்ட்லண்டில் ‘பிபி ஸ்டாக்ஹோம்’ மிதவையில் அகதிகளை ஏற்றியபோது, “வேற என்ன செய்யிறது, அடைக்கத்தான் வேணும்” என்றார் ஒருவர். தலையாட்டினோம்.

1987இல் பிரித்தானிய உள்துறை ‘ஏர்ல் வில்லியம்’ என்ற பயணிகள் கப்பலை வாடகைக்கு எடுத்து, ஹாரிச் துறைமுகத்தில் கட்டி, தஞ்சம் கேட்டவர்களை அதில் அடைத்தது. பெரும்பாலோர் எங்கள் ஆட்கள். படுக்க அறை இருந்தது, சாப்பாடும் இருந்தது; இறங்கத்தான் விடவில்லை. ஒக்டோபர் 16 பெரும்புயலில் கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள்.

எங்கள் பயணக் கட்டுரைகளில் புடிங் வகைகளுக்கே ஒரு பத்தி போகும். இதற்கு ஒரு வரியில்லை.

ஹாரிச்சிலிருந்து ஒல்லாந்துக்கு இன்றும் கப்பல் ஓடுகிறது. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அதில் ஏறுங்கள். சவுத்தாம்டனை விட்டு ஏன் இங்கே வந்தோம் என்று கேட்பார்கள்.