ராத்திரிச் சந்தையும் வேர்க்கடலையும்

மலேசியாவுக்குப் போகும் நம் பெண்மணிகள் இரட்டைக் கோபுரத்தையும் பத்துமலை முருகனையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். ஒரு சாயங்காலத்தை ‘பாசார் மாலாம்’ என்கிற ராத்திரிச் சந்தைக்கும் ஒதுக்குங்கள் என்பேன். பாசார் என்றால் சந்தை; மாலாம் என்றால் இரவு. ஒவ்வொரு பேட்டைக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை. சாயங்காலம் தெருவை அடைத்துக் கடை போடுவார்கள். ராத்திரி பத்து, பதினோரு மணிக்கு மூட்டை கட்டி விடுவார்கள்.

கோலாலம்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு புதன்கிழமை தாமான் கொன்னாட் சந்தைக்குப் போனோம். சுமார் 2 கிலோமீட்டர் நீளம்! ஒரு பக்கம் கரி அடுப்பில் சாத்தே இறைச்சிக் குச்சிகள் புகைகின்றன. இன்னொரு பக்கம் பெரிய இரும்புச் சட்டியில் பட்டை நூடுல்ஸ் ‘சொய்ங்’ என்று புரள்கிறது. நடுவில் டுரியான் பழத்தின் வாசனை மூக்கைத் துளைக்கிறது.

வேடிக்கை பார்த்துக்கொண்டே போக எனக்கு ஆசைதான். ஆனால் கூட வந்த ஏழு வயதுப் பேத்திக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம் இல்லை, அம்மா! உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறுகிற ரகம். மலாய்ச் சமையலிலோ வேர்க்கடலை நம் தேங்காய் மாதிரி, எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சாத்தேக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பே கடலைக் குழம்புதான். ரோஜாக் என்கிற பழக் கலவையின் மேல் கடலைப் பொடி. மூவா சீ என்கிற மாவு உருண்டையைக் கடலைப் பொடியில்தான் புரட்டுகிறார்கள். போப்பியா சுருளுக்குள்ளும் தூவுவது உண்டு.

ஆப்பம் பாலிக் கடையில் கூட்டம் நெரிந்தது. பெயரில் இருப்பது நம் ஆப்பம், பலகாரம் சீனர்களுடையது. வட்டக் கல்லில் மாவை ஊற்றி, சர்க்கரை, பொடித்த கடலை, இனிப்புச் சோளம், வெண்ணெய் போட்டு, மொறுமொறுவென்று வந்ததும் மடித்துக் கொடுக்கிறார்கள். “கடலை போடாமல் ஒன்று கொடுங்கள் என்று கேட்டால் போச்சு” என்று உங்களுக்குத் தோன்றும். அதுதான் போதாது! அதே கல், அதே கரண்டி, அதே கத்தி. முந்தைய ஆப்பத்தின் பொடி அதில் ஒட்டியிருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு அந்தத் துளியே ஆபத்து.

மகள் ஒவ்வொரு கடையிலும் “அடா காச்சாங்?” என்று கேட்டாள். ‘கடலை இருக்கிறதா?’ என்று அர்த்தம். அதோடு விடாமல், ஒரு நிமிஷம் நின்று கடைக்காரர் கையையும் பாத்திரத்தையும் கவனித்தாள்.

முறுக்கு, ஓமப்பொடி, வறுகடலை விற்கும் கடையில் தமிழ்க்குரல் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. “ஏம்மா, குழந்தைக்கு முறுக்கு மட்டும் கொடுங்களேன். கடலை ஆகாது அவளுக்கு” என்றேன்.

எடுத்த பொட்டலத்தை அந்த அம்மாள் கீழே வைத்துவிட்டார். “வேணாம்மா. ஒரே எண்ணெயிலதான் கடலையும் பொரிக்கிறோம். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்பு?”

வியாபாரம் போனாலும் உண்மையைச் சொன்ன அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

“அப்போ நான் எதைத்தான் சாப்பிடறது பாட்டி?” என்று பேத்தி கண் கலங்கினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? ஆவியில் வேகவைத்த முழுச் சோளம், கண்ணெதிரே சீவிய இளநீர், நாமே உரித்துத் தின்னும் ரம்புத்தான், மங்குஸ்தான். குழந்தைக்கு வயிறும் நிறைந்தது, முகமும் மலர்ந்தது.

சந்தைக்கோ, நம் ஊர்ப் பொருட்காட்சிக்கோ குழந்தையோடு கிளம்புமுன் இவற்றை மனதில் வையுங்கள்:

• கண்ணெதிரே வெந்து, ஆவி பறக்கிற பண்டத்தையே வாங்குங்கள். ஆறிக் கிடப்பதும், நறுக்கித் திறந்து வைத்த பழமும் வேண்டாம்.

• சைவமா? சம்பலில் ‘பெலாச்சான்’ என்ற இறால் விழுது இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

• பானங்களுக்கு “குராங் மானிஸ்” என்று சொன்னால் சர்க்கரையைக் குறைத்துப் போடுவார்கள்.

• ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு டாக்டர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், அது கைப்பையில் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியில் அல்ல. மூச்சு திணறினால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஊசியைப் போட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 999, தமிழ்நாட்டில் 108.

• “கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுத்தால் பழகிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வீட்டில் அந்தப் பரீட்சை வேண்டவே வேண்டாம்.

• “எனக்குக் கடலை ஆகாது” என்று தானே சொல்லக் குழந்தைக்குக் கற்றுக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில், பிறந்தநாள் விருந்தில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோமே!

கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன இருக்கிறது? நல்ல கடைக்காரர் ஒருநாளும் கோபித்துக்கொள்ள மாட்டார்.