பழுதை அறிதலும் பாகத்தை மாற்றுதலும்: குளிர்ந்துபோன ஓர் இருக்கை எழுப்பும் கேள்விகள்

காரின் இருக்கை சூடாகவில்லை என்பது விவாதிக்கத் தக்க பொருளா என்று கேட்கத் தோன்றலாம். ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் கழியும் ஊர்களிலிருந்து பார்த்தால், அது வசதி படைத்தோரின் சிறு குறையாகவே தெரியும். ஜனவரி மாதத்து லேயிலோ ஸ்ரீநகரிலோ விடியற்காலையில் வண்டியை எடுப்பவருக்கு அது அப்படித் தெரியாது. காஷ்மீரில் ஃபெரன் எனும் தளர்ந்த அங்கிக்குள் காங்கிரி எனும் தணற்சட்டியை வைத்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அறை முழுவதையும் சூடாக்குவதைவிட உடலை ஒட்டிச் சூட்டை வைத்துக்கொள்வது சிக்கனம் என்னும் அறிவே அந்த வழக்கத்தின் அடிப்படை. சூடேறும் இருக்கை அதே அறிவின் மின்வடிவம். மின்சாரக் கார்களில் அதன் பொருள் இன்னும் கூடுகிறது. உள்ளிருக்கும் காற்றையெல்லாம் சூடேற்றச் சில ஆயிரம் வாட் தேவைப்படலாம்; ஓர் இருக்கைக்குப் பெரும்பாலும் நூறு வாட்டுக்குள் போதும். மிச்சமாகும் மின்சாரம் வண்டி கடக்கும் தொலைவாக மாறுகிறது.

இந்தச் சிறு கருவி நின்றுபோகும்போது நடப்பதைக் கவனித்தால் நம் காலத்தின் பெரிய நோய் ஒன்று புலப்படும். பழுது எங்கே என்று கண்டறியும் அறிவு மெல்ல மெல்லப் பட்டறையிலிருந்து வெளியேற்றப்படுகிறது. அதன் இடத்தில் பாகத்தை மாற்றும் வழக்கம் வந்து அமர்கிறது. மெக்கானிக்குகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்பது இதற்கு விளக்கமாகாது. அறிவதற்கு வேண்டிய தகவல் அவர்கள் கைக்கு எட்டாதவாறு வைக்கப்பட்டிருப்பதே முதன்மைக் காரணம்.

கருவியின் அமைப்பு எளியது. இருக்கையின் உறைக்கும் பஞ்சுமெத்தைக்கும் இடையே மெல்லிய விரிப்பு ஒன்று இருக்கும். அதில் மின்தடைக் கம்பியோ கரிமஇழையோ வளைந்து வளைந்து ஓடும். மின்சாரம் பாயும்போது அது சூடாகும். 12 வோல்ட் மின்கலத்தில் 60 வாட் இழுக்கும் விரிப்பு என்று கொண்டால், மின்னோட்டம் 5 ஆம்பியர், மின்தடை 2.4 ஓம். பள்ளிப் பாடநூலின் ஓம் விதிக்கு மேல் இதில் கணிதம் இல்லை. இதனுடன் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச், வெப்பத்தை அளந்து சொல்லும் உணரி, அண்மைக் கார்களில் இவற்றை ஆளும் மின்னணுப் பெட்டி ஆகியவை சேரும். அமெரிக்காவின் காடிலாக் கார்களில் 1966 வாக்கிலேயே கிடைத்த வசதி இது. அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடைய ஒரு தொழில்நுட்பத்தில் மறைபொருள் என்று எதுவும் எஞ்சியிருக்க வேண்டியதில்லை.

பழுதாகும் விதங்களும் அறியப்பட்டவையே. மெத்தைமேல் முழங்காலை ஊன்றிப் பின்னிருக்கைப் பொருளை எடுத்தால் ஒரே இடத்தில் எடை குவிந்து கம்பி முறியலாம். ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு ஆயிரம் முறை மடிந்து மடிந்து அங்கே கம்பி அறுந்துபோவதும் உண்டு. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவதால் அடியிலுள்ள கனெக்டர் தளரும். காலணியோடு வந்த பனி உருகி, அந்த நீர் கனெக்டரின் ஊசிகளைப் பாசிபிடிக்கச் செய்யும். இருக்கைக்கு அடியில் திணித்த பை ஒயரை இழுத்துவிடும். உணரி பழுதானால், விரிப்பு நன்றாக இருந்தும் மின்னணுப் பெட்டி பாதுகாப்புக் கருதி மின்சாரத்தை நிறுத்திவிடும். சில வண்டிகளில் மின்கலம் வலுவிழந்திருந்தால் இருக்கைச் சூட்டைத் தானே துண்டித்துவிடும் ஏற்பாடும் உண்டு. அங்கே பழுதென்று எதுவுமே இல்லை.

இத்தனை வாய்ப்புகளுள் உண்மையானது எது என்று எப்படி அறிவது? நல்ல மெக்கானிக் பாகங்களைக் கழற்றுவதற்கு முன் கேள்விகளைக் கேட்கிறார். இரண்டு முன்னிருக்கைகளும் குளிர்ந்துவிட்டனவா, ஒன்று மட்டுமா? இரண்டும் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, மின்கலம் ஆகியவற்றின் மீது ஐயம் செல்லும். ஒன்று மட்டும் என்றால் பொதுவானவை பெரும்பாலும் குற்றமற்றவை. அந்த இருக்கைக்கே உரியவற்றைத் தேட வேண்டும். சுவிட்சின் விளக்கு எரிகிறதா? சற்று எரிந்து தானே அணைகிறது என்றால், மின்னணுப் பெட்டி ஏதோ குறையை உணர்ந்து விலகிக்கொள்கிறது என்று கருத இடமுண்டு. அடிப்பகுதி குளிர்ந்து முதுகுப்பகுதி மட்டும் சூடாகிறதா? ஆம் என்றால் அவை இரண்டும் தனித்தனிக் கிளைகளில் இருக்கின்றன, ஒரு கிளையில்தான் கோளாறு. அவை தொடராக இணைக்கப்பட்ட வண்டி என்றால், ஒன்று அறுந்தாலும் இரண்டும் நிற்கும். அதன்பின் கனெக்டர். பிறகுதான் மல்டிமீட்டர். 2.4 ஓம் காட்ட வேண்டிய விரிப்பு எல்லையற்ற மின்தடையைக் காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது என்பது உறுதி.

ரிலேயைச் சோதிக்க அவர் செய்வது இன்னும் எளிது. அதே வகையைச் சேர்ந்த, வேலை செய்கிற வேறொரு ரிலேயை எடுத்து அங்கே பொருத்திப் பார்க்கிறார். மற்றவை எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காண்கிறார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்கவியல் நூலில் வேற்றுமை முறை என்று விளக்கிய ஆய்வுநெறி இதுவே. நோயைத் தெளிந்து, அதன் மூலத்தைத் தேடி, அதன் பிறகே தீர்க்கும் வழிக்குப் போக வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வைத்த வரிசையும் இதனோடு ஒத்துப்போகிறது. பட்டறைத் தரையில் மண்டியிட்டுச் செய்யப்படுவதால் இது ஆய்வு ஆகாமல் போய்விடாது.

இனி நடைமுறைக்கு வருவோம். இதே வண்டி சர்வீஸ் சென்டருக்குச் சென்றால், விரிப்பை மாற்ற வேண்டும், அல்லது உறையோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்ற மதிப்பீடு கிடைப்பது அரிதன்று. பல வடிவமைப்புகளில் விரிப்பு பஞ்சோடு ஒட்டப்பட்டிருக்கும், தனியே விற்கப்படாது. பாசிபிடித்த ஓர் ஊசிக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பாகம் குப்பைக்குப் போகிறது. வெளிப்பட்டறைக்குச் சென்றாலோ, அங்குள்ளவருக்கு ஒயரிங் படம் கிடைப்பதில்லை. அவரிடமுள்ள மலிவான ஸ்கேனர் எஞ்சினின் பழுதுக் குறிகளைப் படிக்கும். இருக்கையின் மின்னணுப் பெட்டி என்ன சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் படிக்காது.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பது இங்கே மிக முக்கியம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல், புகை தொடர்பான பழுதுகளை எந்த ஸ்கேனரும் படிக்கத்தக்க பொதுமுறை கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவிலும் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010 முதல் படிப்படியாக அத்தகைய முறை வந்தது. காற்று மாசு பொதுநலன் என்று சட்டம் கருதியது. ஆகவே அந்தக் குறிகள் திறந்தன. இருக்கை, கதவு, விளக்கு போன்றவை தனியார் விவகாரம் என்று விடப்பட்டன. ஆகவே அந்தக் குறிகள் பெரும்பாலும் நிறுவனங்களின் கைக்குள்ளேயே நின்றன. ஒரே வண்டியில், ஒரே இணைப்பின் வழியே, ஒரு பாதி பேசுகிறது, மறுபாதி வாய் திறப்பதில்லை. பேசும் பாதியைப் பேச வைத்தது சட்டம். திறப்பதா மூடுவதா என்ற முடிவைத் தொழில்நுட்பம் எடுப்பதில்லை, சமூகமே எடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மூடிய பெட்டி எதுவரை போகக்கூடும் என்பதற்கும் இதே இருக்கை எடுத்துக்காட்டாகியது. 2022இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூட்டைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு எழுந்தது, 2023இல் அந்த வழியைக் கைவிடுவதாக அறிவித்தது. அத்தகைய ஏற்பாட்டில் இருக்கை குளிர்ந்திருந்தால், கம்பி அறுந்ததா, அனுமதி முடிந்ததா என்ற புதிய கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. மல்டிமீட்டரால் இரண்டாவதை அளக்க முடியாது.

இந்தியாவில் இக்கேள்வி எழாமல் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தது போட்டிக்கு எதிரானது என்பதே அதன் சாரம். அதன் மேல் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு ஒன்றை அமைத்தது. அதன் வரம்பில் வாகனங்களும் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இலேயே வாக்காளர்கள் கார்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒப்புதல் அளித்துவிட்டனர். இணையதளத்தில் தகவலை வெளியிடுவது நிறுவனத்தின் விருப்பமாக இருக்கும்வரை, அது உரிமை ஆகாது, சலுகையாகவே இருக்கும்.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. முதலாவது, பாதுகாப்பு. பல இருக்கைகளின் பக்கத்தில் காற்றுப்பை இருக்கிறது. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் அதன் கனெக்டரில் மல்டிமீட்டரை வைப்பது ஆபத்து. மின்கலத்தைத் துண்டித்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே அங்கே கை வைக்க வேண்டும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸைப் போடுபவர் தீயை அழைக்கிறார். நீரிழிவாலோ தண்டுவடப் பாதிப்பாலோ கால்களில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு, கட்டுப்பாடு இழந்த விரிப்பு அவர்கள் அறியாமலேயே தீக்காயம் உண்டாக்கும். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை தகவலை மூடுவதற்குச் சார்பான வாதங்கள் ஆகா. எந்தக் கனெக்டரைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லும் படமே பூட்டப்பட்டிருக்கிறது. படம் இல்லாததால் பழுதுபார்ப்பு நின்றுவிடுவதில்லை. ஊகத்தின் பேரில் நடக்கிறது. ஊகமே தீக்காயத்துக்கு நெருங்கிய உறவு.

இரண்டாவது, பொருளாதாரம். ஓர் ஊசியைத் தேட இரண்டு மணிநேரம் செலவிடுவதைவிட விரிப்பை மாற்றுவது மலிவு என்பார்கள். சில வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில், தேடும் உழைப்புக்கு மதிப்பே இடப்படுவதில்லை. நம் ரசீதுகளில் பாகத்துக்கு விலை உண்டு, பொருத்தும் கூலி உண்டு. பழுதைக் கண்டறிந்த சிந்தனைக்கு ஒரு வரி அரிது. ஆகவே, 'பாகம் எதுவும் தேவையில்லை, ஊசியைத் துடைத்து வைத்தேன்' என்று சொல்லும் நேர்மையான மெக்கானிக் நட்டமடைகிறார். வாடிக்கையாளரும் 'துடைத்ததற்கு இவ்வளவா?' என்று கேட்கிறார். மாற்றுபவர் பிழைக்கிறார், அறிபவர் தோற்கிறார். இதில் நுகர்வோரின் பங்கும் உண்டு.

கல்விநிலையங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பொறியியல் மாணவர் நான்கு ஆண்டுகளில் சரியாக வேலை செய்யும் சுற்றுகளையே பெரும்பாலும் கற்கிறார். ஆய்வகத்தில் கிடைக்க வேண்டிய அளவு முன்பே தெரியும். கிடைக்காவிட்டால் பக்கத்து மேசையின் எண் குறிப்பேட்டில் ஏறுகிறது. வேலை செய்யாத சுற்றை மேசையில் வைத்து, 'ஏன் என்று சொல். எந்த வரிசையில் ஐயங்களை நீக்கினாய் என்பதையும் எழுது' என்று கேட்கும் தேர்வு அரிது. ஐ.டி.ஐ. மாணவருக்கு அந்தப் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் சமூகப் படிநிலையில் அவர் கீழே நிறுத்தப்படுகிறார். சிந்தனை வேறு, கைவேலை வேறு என்ற பழைய பிரிவினையே இந்தப் படிநிலைக்கு அடித்தளம். பழுதறிதல் அந்தப் பிரிவினைக்குள் அடங்காது. அது கைகளால் செய்யப்படும் தருக்கம்.

ஆகவே வேண்டுவன மூன்று. புகைக் குறிகளைத் திறந்த சட்டம், வண்டியின் மற்ற குறிகளையும் ஒயரிங் படங்களையும் நியாயமான விலையில் திறக்கச் செய்ய வேண்டும். பழுதறியும் உழைப்பு ரசீதில் தனி வரியாக இடம்பெற வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறையேனும், வேண்டுமென்றே பழுதாக்கப்பட்ட கருவியைத் தேர்வுக்கு வைக்க வேண்டும். சூடாகாத ஓர் இருக்கையையே முதல் வினாவாக வைக்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு மல்டிமீட்டரும், பிறர் விடையைப் பார்த்து எழுத முடியாத ஒரு மணிநேரமும் மட்டுமே.