கண்ணை மூடிக் கேளுங்கள்

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. உடல்நலக் காரணத்துக்காகக் கல்வி அமைச்சின் விலக்கு பெற்று, ஒன்றரை ஆண்டாக வீட்டிலேயே படிக்கிறான். (நம் நாட்டில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பள்ளி பிடிக்கவில்லை என்று நாமாக நிறுத்திவிட முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை.) அக்கா கணக்காய்வு வேலையில் இருக்கிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. காலை பத்து மணிக்கு அவருக்கு இணையக் கூட்டம் தொடங்கிவிட்டால், பையனுக்கு டேப்தான் வாத்தியார்.

“நீதானே மீடியா படிச்சவ, நல்ல சேனலா பார்த்துக் கொடேன்” என்றார். ஒரே இரவில் பதினான்கு அலைவரிசைகளைத் தேடிப் பட்டியல் போட்டுப் புலனத்தில் அனுப்பிவிட்டேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள், அசைவுப்படம் தரமா, கெட்ட வார்த்தை உண்டா? நான் பார்த்தது இவ்வளவுதான். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கிள்ளானுக்குப் போனேன். இரவு வாசலில் நின்றபோது அரை நிலா தெரிந்தது. “ஏன்டா இன்னிக்கு நிலா பாதியா இருக்கு?” என்றேன். “எர்த்தோட ஷேடோ விழுது, சித்தி.” உச்சரிப்பு அமெரிக்கக் குழந்தை தோற்றுவிடும். பதில்தான் தவறு. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தின்போது. பிறை வேறு. சூரிய ஒளி படும் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது அது.

அவன் பார்த்த காணொளியைத் தேடிப் போட்டேன். என் பட்டியலில் நான்காவது. அதில் பொய் ஒன்றும் இல்லை. பிறை, கிரகணம் இரண்டையும் மூன்றே நிமிடத்தில், நடுவில் மூச்சு விடாமல் சொல்லி முடித்திருந்தார்கள். பையன் தலையில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன.

அப்போதுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தேன். டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்டேன். வானொலியில் இருப்பவர்களுக்கு இது தொழில் பழக்கம். ஒரு செய்தியைச் சொன்னால் கேட்பவர் மனத்தில் அது உட்கார ஒரு நொடி விட வேண்டும். இந்தக் காணொளியில் குரலுக்குக் கீழே இசை நிற்கவே இல்லை. சில வினாடிக்கு ஒருமுறை ‘டிங்’, ‘பொயிங்’. கேள்வி கேட்பார்கள், குழந்தை வாயைத் திறக்கும் முன் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பதினான்கையும் இப்படிக் கேட்டேன். பத்து கழிந்தன. எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது என்பதும் உண்மை. இதயம் ரத்தத்தை இறைப்பதைக் காதால் கற்க முடியுமா? ஆனாலும் அவசரத்தைக் காது பிடித்துவிடும். வண்ணத்தில் கண்தான் ஏமாறும்.

நல்லவர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1996இல் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’ தொடரில் தொகுப்பாளர் கேள்வி கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி காத்திருப்பார். ஒரே பகுதியை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். பெரியவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும். குழந்தைகளோ நாளுக்கு நாள் அதிகமாகப் பதில் சொன்னார்கள். சால் கான் 2004இல் வெளியூரில் இருந்த தம் உறவுப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்த்தான் ‘கான் அகாடமி’ பிறந்தது. அதன் பழைய காணொளிகளில் கரும்பலகையும், எழுதும் கோடும், ஒரு மனிதக் குரலும் மட்டும்தான். சின்னவர்களுக்குப் பிபிசியின் ‘நம்பர்பிளாக்ஸ்’. நான்கு என்ற எண் இரண்டுக்கு இரண்டு கட்டமாகச் சதுரமாய் நிற்கும். வர்க்க எண் என்ற சொல்லே தெரியாமல் பிள்ளை அதைப் பார்த்துவிடுகிறது.

இப்போது வீட்டில் நான்கே அலைவரிசைகள். யூடியூப் கிட்ஸில் பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் தெரியும்படி அமைக்கலாம், தேடும் வசதியும் மூடிக்கொள்ளும். தானாக அடுத்ததை ஓட்டும் வசதியையும் அணைத்துவிட்டோம். முதல் வாரம் ஒரே அழுகை. அதை மறைக்க விரும்பவில்லை.

நிலாவுக்கு ஆரஞ்சுப்பழம் வந்தது. இருட்டறையில் மேசைமேல் டார்ச் விளக்கு, அது சூரியன். குச்சியில் குத்திய ஆரஞ்சைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு பையன் மெல்லச் சுற்றினான். அவன் தலைதான் பூமி. பழத்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்தால் பிறை வளர்வதும் தேய்வதும் தெரியும். கொஞ்சம் தாழ்த்தியதும் அவன் தலை நிழலே பழத்தில் விழுந்தது. “இதுதான் எக்லிப்ஸா?” என்று கத்தினான்.

தமிழ்தான் அக்காவுக்கு இன்னொரு கவலை. தமிழ்ப்பள்ளியில் ஓராண்டுகூட முழுதாகப் படிக்காதவன். டிடிக் டிவி 2021இல் வந்தது, தேசிய மொழிக்குத் துணை. தமிழ்நாட்டு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது, நிதானமாகத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அது அங்குள்ள பாடத்திட்டம், நம் வரிசை வேறு. சொற்களைப் பிடித்துக்கொள்ள மட்டும் நான் சிலவற்றை எடுத்துக் கொடுத்தேன். அக்கா கண்டுபிடித்த வழி இதைவிட நல்லது. எந்த மொழியில் பார்த்தாலும், பார்த்ததைச் சாயங்காலம் பாட்டியிடம் தமிழில் சொல்ல வேண்டும். பாட்டி, அதாவது எங்கள் அம்மா, எளிதில் விடமாட்டார். ‘ஷேடோ’ என்றால் “அப்படின்னா?” என்பார். ‘நிழல்’ வரும்வரை காத்திருப்பார்.

போன வாரம் நிலாக் கதையை முழுவதும் கேட்டுவிட்டுத் துணி மடித்தபடியே, “சரி, அமாவாசை அன்னிக்கு எங்கடா போவுது அது?” என்றார்.

பையன் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு டேப்பைத் தொடாமல் சமையலறைக்கு ஓடினான். ஆரஞ்சு இல்லை. எலுமிச்சம்பழம்தான் இருந்தது.