ஜிங்க் ஊசி கேட்கும் பெரியவர்களே, ஒரு நிமிடம்

ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத தலைமுறை நாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் "இவருக்கு ஒன்றும் தெரியாது" என்போம். ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டால் "கைராசிக்காரர்" என்போம். இந்தப் பலவீனத்தைக் காசாக்கத் தெரிந்தவர்கள் இப்போது வைட்டமின் டிரிப்ஸ், ஜிங்க் டிரிப்ஸ் என்று கடை விரித்திருக்கிறார்கள். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் நடக்க வரும் நண்பர் ஒருவர், "சார், மாசம் ஒண்ணு ஏத்திக்கிறேன், ஃப்ரெஷ்ஷா இருக்கு" என்கிறார். எந்த இடம் என்று நான் எழுதப்போவதில்லை. எந்த இடமாக இருந்தாலும் என் வாதம் ஒன்றுதான்: வாயால் சாப்பிடவும் குடல் அதை ஏற்கவும் முடிகிற ஒருவருக்கு ஜிங்க் ஊசி தேவையில்லை.

நான் டாக்டர் இல்லை. காலமெல்லாம் கணக்குத் துறையில் இருந்தவன். எனவே கணக்காகவே சொல்கிறேன்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் ஜிங்க் உணவில் வேண்டும். இவ்வளவும் ரத்தத்தில் சேருவதில்லை. குடல் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். உடம்பில் குறைவாக இருந்தால் கூடுதலாக எடுக்கும், நிறைய இருந்தால் கதவைச் சாத்தும். மாத்திரை அதிகமானால் குமட்டும், வாந்தி வரும். அதுவும் ஒரு பாதுகாப்புதான். ஊசி இந்தக் காவல்காரனைத் தாண்டி நேராக வீட்டுக்குள் போகிறது. போட்டது மொத்தமும் ரத்தத்தில்தான்.

அதனால்தான் குடல் வேலை செய்யாதவர்களுக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாக உணவு ஏற்றும்போது, பெரியவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு 3 முதல் 5 மில்லிகிராம்தான் சேர்க்கிறார்கள். அதையும் நீர்க்க வைத்துத்தான், மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்.

அளவு தப்பினால் என்ன ஆகும்? 1977இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சம்பவம் வெளியானது. 72 வயது அம்மையார். தவறுதலாக 60 மணி நேரத்தில் ஏறக்குறைய 1,700 மில்லிகிராம் ஜிங்க் ரத்தத்தில் ஏறிவிட்டது. மனித உடம்பில் இருக்கும் மொத்த ஜிங்க்கே சுமார் 2,000 மில்லிகிராம்தான். அவர் பிழைக்கவில்லை. நடந்தது மருத்துவமனையில், நர்சுகள் சுற்றி இருக்கும்போது. மாடிப்படிக்குக் கீழே நாலு நாற்காலி போட்ட இடத்தில் நடந்தால்?

"இந்த வயசுல மாத்திரை உடம்புல ஒட்டாது சார்" என்பது அடுத்த வாதம். பிறவியிலேயே ஜிங்க்கை உறிஞ்ச முடியாத ஒரு நோய் உண்டு. வாயைச் சுற்றியும் கை கால்களிலும் புண்ணோடு குழந்தைகள் வாடிப்போவார்கள். 1970களிலிருந்து அதற்கு என்ன மருந்து தெரியுமா? வாய்வழி ஜிங்க்தான். அளவைக் கூட்டி, ஆயுள் முழுக்கக் கொடுக்கிறார்கள். புண் ஆறி, குழந்தை தேறுகிறது. குடலில் வாசலே சரியாக இல்லாத அந்தக் குழந்தைக்கு வாய்வழி போதும். காலையில் நாலு இட்லி ஜீரணிக்கிற நமக்குப் போதாதா?

மனிதர்களுக்கு ஜிங்க் குறைபாடு வரும் என்பதை 1960களின் தொடக்கத்தில் ஈரானிலும் எகிப்திலும் கண்டறிந்தவர் பிகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். அங்கே வளர்ச்சி நின்றுபோன பையன்களை வளரவைத்ததும் வாய்வழி கொடுத்த ஜிங்க்தான். இன்று வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலத்தோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரனுக்குக் கொடுப்பதும் மாத்திரைதான்: 20 மில்லிகிராம், 14 நாள். உலக சுகாதார நிறுவனம் 2004இல் சொன்ன வழி அது.

ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவு என்று காட்டிப் பயமுறுத்துகிறார்களா? உடம்பின் ஜிங்க் பெரும்பாலும் தசையிலும் எலும்பிலும் இருக்கிறது. ரத்தத்தில் தெரிவது துளி. காய்ச்சல் வந்தாலோ, சளி பிடித்தாலோ, ஆல்புமின் குறைந்தாலோ அந்த எண் இறங்கும். அந்த ஒரு சீட்டை வைத்து ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.

பிறகு அந்த டிரிப்ஸ் தண்ணீர். இதய பலவீனம் உள்ளவருக்கு, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, ஒரு பாட்டில் சலைன் மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். ஊசியின் சுத்தம் இன்னொரு கவலை. 2009இல் குஜராத்தின் மொடாசாவில் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்ததும், 2018இல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் பக்கம் பலருக்கு எச்ஐவி தொற்றியதும் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால்தான்.

மாத்திரைதானே என்று அதையும் அள்ளிப் போட வேண்டாம். நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் உடம்பில் தாமிரம் குறையும். ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் பின்னால் வரும். கொரோனா காலத்தில் வாங்கிய 50 மில்லிகிராம் பட்டையை இன்னும் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களும் எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஊசி வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னால் மறுக்காதீர்கள். குடலை வெட்டி எடுத்தவர்களுக்கும் வாய்வழி சாப்பிட முடியாதவர்களுக்கும் அது உயிர் காக்கும். ஆனால் நாலு கேள்வி கேளுங்கள். மாத்திரை ஏன் போதாது? எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள்? எதில் கலந்து எவ்வளவு நேரம் ஏற்றுவீர்கள்? தாமிர அளவைப் பார்த்தீர்களா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மற்றபடி எள்ளுருண்டை, வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், பரங்கி விதை. சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, நண்டு, ஆட்டிறைச்சி. பயறை முளைகட்டினாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் தானியம் பிடித்துவைத்திருக்கும் ஜிங்க் இன்னும் கொஞ்சம் விடுபடும். மாதா மாதம் டிரிப்ஸுக்குக் கொடுக்கிற காசில் இதெல்லாம் வாங்கி, மிச்சத்தைப் பேத்திக்குக் கொடுக்கலாம்.